பெட்டியில் பக்கம் இல்லை

என் கணினியில் ‘வெற்று’ என்று பெயரிட்ட ஓர் அடைவு இருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான ஒலிப்பதிவுகள். எதிலும் பேச்சு இல்லை. ‘பீப்’ என்ற ஒலிக்குப் பிறகு ஒரு மூச்சு கேட்கும். எங்கோ ஒரு கோழி கொக்கரிக்கும். ஒரு குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது விநாடி முடிந்ததும் தொடர்பு அறுந்துவிடும். ஒரு கிராமத்துக்காக நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உருவாக்கிய குரல் குழுவில் மிஞ்சியவை இவை. படிக்கத் தெரிய வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம். பட்டன் போனிலிருந்து ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் சர்வர் திரும்ப அழைக்கும், அதனால் காசும் செலவில்லை. ஒன்றை அழுத்தினால் பேசலாம், இரண்டை அழுத்தினால் மற்றவர்கள் பேசியதைக் கேட்கலாம். இதைவிட எளிதாக எதையும் செய்துவிட முடியாது என்று நாங்கள் நம்பினோம். ஊரும் அழைத்தது, கேட்டது, ஒன்றை அழுத்தியது. பீப் ஒலித்தது. அதன் பிறகு யாரும் பேசவில்லை.

இது நடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் கிராமங்களுக்கான தகவல்தொடர்பு என்று யாராவது மேடையில் படம் போட்டு விளக்க ஆரம்பித்தால் அந்த மூன்று விநாடிகள் காதில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு நாங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் தப்பு. சரியான காரணத்தை ஓர் அம்மா ஒரே வாக்கியத்தில் சொன்னார். அந்த வாக்கியத்தை விட்டு என்னால் இன்னும் வெளியே வர முடியவில்லை.

மௌனத்துக்கு மருத்துவம்

மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பயன்படுத்துகிறவர் தயங்கினால் அவருக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவான். நாங்களும் அதையே செய்தோம். அறிவிப்பு நீளமாக இருக்கிறது என்று சுருக்கினோம். ஆண் குரலை எடுத்துவிட்டுப் பெண் குரலைப் போட்டோம். பீப் ஒலி மிரட்டுகிறதோ என்று அதை மென்மையாக்கினோம். ‘உங்கள் செய்தியைப் பதிவுசெய்க’ என்றிருந்ததை ‘இப்போது பேசுங்கள்’ என்று மாற்றினோம். மாற்றத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, அந்த முதல் வாக்கியத்தை எழுதியவன் நான்தான். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இரண்டு நாள் எண்ணிக்கை ஏறும். பிறகு மறுபடியும் மூச்சும் கோழியும்.

எங்கள் முன்னோடிகளைப் பார்த்துத்தான் நாங்கள் இதில் இறங்கியிருந்தோம். குஜராத்தில் 2009 வாக்கில் சிறு விவசாயிகளுக்காக ‘அவாஜ் ஓட்லோ’ என்ற குரல் அரங்கு நடந்தது. அவாஜ் என்றால் குரல். ஓட்லோ என்றால் கிட்டத்தட்ட நம் திண்ணை. 51 விவசாயிகள் ஏழு மாதம் அதில் பங்கேற்றார்கள். கேள்வி கேட்டுப் பதில் பெறும் பகுதிதான் அதில் அதிகம் புழங்கியது. சொல்லைச் சொல்லித் தேர்ந்தெடுப்பதா, எண்ணை அழுத்தித் தேர்ந்தெடுப்பதா என்று அங்கே ஒப்பிட்டும் பார்த்தார்கள். பேச்சுதான் கிராமத்துக்கு இயல்பு என்று நகரத்தில் உட்கார்ந்து நாம் கற்பனை செய்தாலும், எண்ணை அழுத்துவதுதான் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2010இல் சத்தீஸ்கரில், பிபிசியில் செய்தியாளராக இருந்த சுப்ரான்ஷு சவுத்ரி ‘சிஜிநெட் ஸ்வரா’வைத் தொடங்கினார். கோண்டி பேசும் மக்கள் தங்கள் மொழியிலேயே தங்கள் ஊர்ச் செய்தியைச் சொல்லவும் கேட்கவும் அது வழி செய்தது. லாகூரில் 2012இல், நம் குரலை மாற்றி விளையாட்டுக் குரலாக்கி நண்பருக்கு அனுப்பும் ‘பாலி’ (Polly) என்ற தொலைபேசிச் சேவையை 32 பேரிடம் கொடுத்தார்கள். ஓராண்டில் அது ஒன்றரை லட்சம் பேரைத் தாண்டியது. விளம்பரமே இல்லை. விளையாட வந்தவர்களுக்கு நடுவில் வேலைவாய்ப்புச் செய்திகளையும் வைத்தார்கள், அவற்றையும் கேட்டார்கள்.

ஆக, எழுத்தறியாத மக்கள் பீப் ஒலிக்குப் பயப்படுவதில்லை, பேசவும் தயங்குவதில்லை. இதை அறிந்திருந்தும் எங்கள் கோழி ஏன் கொக்கரித்துக்கொண்டே இருக்கிறது என்பது பிடிபடவில்லை.

முள்கம்பியில் ஓடிய பேச்சு

விடை கிடைக்காத அந்த வாரங்களில் நான் படித்ததில் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கிராமத்துக் குழுத் தொடர்பு என்பது ஏதோ நம் தலைமுறையின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. தொலைபேசிக்கு அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் பெற்ற அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894 ஆண்டுகளில் காலாவதியாயின. நகரங்களிலேயே லாபம் பார்த்துக்கொண்டிருந்த பெல் நிறுவனம் எட்டிப் பார்க்காத அமெரிக்கப் பண்ணைப் பகுதிகளில் விவசாயிகள் தாங்களே தொலைபேசி இழுத்துக்கொண்டார்கள். பல இடங்களில் மாடு தாண்டாமல் இருக்கப் போட்ட முள்கம்பி வேலியே தொலைபேசிக் கம்பி. ஒரே கம்பியில் பல வீடுகள். யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நெடிலும் ஒரு குறிலும் என்றால் ஒரு வீடு, மூன்று குறில் என்றால் இன்னொரு வீடு. நிறுத்தாமல் நீளமாக அடித்தால் அது ஊருக்கே உரிய செய்தி, எல்லோரும் எடுக்கலாம்.

எல்லோரும் எடுக்கக் கூடாத அழைப்பையும் எல்லோரும் எடுத்தார்கள் என்பது வேறு கதை. ஒட்டுக்கேட்பது அந்தக் கம்பியில் அன்றாடப் பொழுதுபோக்கு. என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் அதற்கு அடுத்தது. அந்தக் கம்பியில் இருந்த மின்சாரம் கொஞ்சம். ஒவ்வொரு வீட்டிலும் ரிசீவரை எடுக்க எடுக்கக் குரல் மங்கிக்கொண்டே போகும். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தமும் கேட்கும். பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரிந்துவிடும்: இப்போது நான் இருவருக்குப் பேசவில்லை, ஏழெட்டுப் பேருக்குப் பேசுகிறேன். சிலர் பேச்சை மாற்றுவார்கள், சிலர் போனை வைக்கச் சொல்லி அதட்டுவார்கள். தொழில்நுட்பத்தின் குறைதான், பொறியாளர்கள் பின்னாளில் அதைச் சரிசெய்தும் விட்டார்கள். சரிசெய்தபோது என்ன போயிற்று என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வேடிக்கையான தகவல் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் எழுதி வைத்தேன். கனடாவில் 1941இல் தொடங்கிய பண்ணை வானொலி மன்றத்தைப் பார்த்து, 1956இல் புனே வானொலி நிலையத்தை வைத்து யுனெஸ்கோ உதவியுடன் நம் நாட்டில் ஒரு சோதனை நடந்தது. 150 கிராமங்களில் கேட்போர் மன்றங்கள். ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவில் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டு முடித்து விவாதிப்பார்கள், கேள்விகளை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகள். வானொலி ஒன்றுதான், கேட்பவர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். இதையும் பழைய காலத்து வசதிக் குறைவு என்றே எடுத்துக்கொண்டேன். பாவம், ஆளுக்கொரு ரேடியோ இல்லை.

பதினோரு அழைப்புகள்

எங்கள் குழுவில் பேச்சே இல்லை என்று சொன்னது முழு உண்மை அல்ல. தொடக்கத்தில், முதல் வாரம், நன்றாகவே பேசினார்கள். ஆடு காணவில்லை என்று ஒருவர் அறிவித்தார். கிடைத்துவிட்டது என்று மாலையிலேயே இன்னொருவர் சொன்னார். கால்நடை மருத்துவர் எந்த நாளில் வருவார் என்று ஒரு கேள்வி. ஒரு சிறுவன் பாடினான். இரண்டாவது வாரத்தில் ஒரு பெண் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவரைப் பற்றிப் பேசினார். மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை, கேட்டால் மோட்டார் பழுது என்கிறார், அவருடைய தெருவுக்கு மட்டும் வருகிறதே எப்படி என்று கேட்டார். கோபம் இருந்தது, ஆனால் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. பொதுப் பிரச்சினை, துணிச்சலான குரல், அதுவும் ஒரு பெண்ணின் குரல். நாங்கள் எதற்காக இதைச் செய்தோமோ அது நடந்துவிட்டது என்று துள்ளினோம். அந்த வாரம் அதிகம் கேட்கப்பட்ட செய்தி அது. நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் அதற்குத் தனிப் பெட்டியே போட்டேன். ‘உயர்ந்த ஈடுபாடு’ என்பது அதில் நான் எழுதிய சொல்.

அதற்குப் பிறகுதான் மௌனம் தொடங்கியது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

பீப் ஒலியைத் திருத்தி அலுத்துப்போய், கடைசியில் ஊருக்கே போனேன். பெண்களின் சேமிப்புக் குழு ஒன்று மாலையில் கூடும். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா அதில் நடுநாயகம். யார் எவ்வளவு கட்ட வேண்டும், யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் அவர் நாவில். எங்கள் பதிவேட்டில் அவருடைய எண்ணும் இருந்தது: பல முறை அழைத்திருக்கிறார், ஒன்றை அழுத்தியிருக்கிறார், ஒரு முறைகூடப் பேசவில்லை. நான் சுவர் ஓரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தவணை கட்டாமல் இழுத்தடிக்கும் ஒருத்தியைப் பற்றி அவர் கறாராகப் பேசிக்கொண்டிருந்தார். கை விரலில் கணக்குப் போட்டபடி, “மூன்று மாதமாக நாளை நாளை என்கிறாள், அவள் வீட்டில்…” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. வந்தது அந்தப் பெண்ணின் நாத்தனார். அம்மாவின் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “…அவள் வீட்டில் கன்று ஈன்றிருக்கிறதாம், போய்ப் பார்க்க வேண்டும்” என்று அதே வாக்கியத்தை அதே மூச்சில் முடித்தார். விரல் மட்டும் மடிந்து உள்ளங்கைக்குள் போனது. உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் கன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை. எனக்கு அது விளங்கவே அரை நிமிடம் ஆயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போய், போனில் ஏன் பேசவில்லை அம்மா, எங்கே சிரமமாக இருக்கிறது என்று கேட்டேன். பட்டன் சின்னதாக இருக்கிறதா, அறிவிப்பு புரியவில்லையா என்று நானே விடைகளையும் எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

“பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள் தம்பி. உங்கள் பெட்டியில் பக்கம் எங்கே இருக்கிறது?”

நான் பதில் சொல்லாமல் நின்றேன். அவர்தான் தொடர்ந்தார். மோட்டார்க்காரரைப் பற்றிய செய்தியை அவர் வீட்டில் யார் முதலில் கேட்டது தெரியுமா என்றார். அவருடைய மகள். பன்னிரண்டு வயது. அந்த வீட்டில் போனைக் கையாள்வது அவள்தான். அப்பாவுக்கு எண் அழுத்திக் கொடுப்பதும் அவள்தான். விளக்கு வைத்த நேரத்தில், குடும்பமே உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். “அந்தப் பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. பேசினவள் தப்பாக ஒன்றும் பேசவில்லை. குழாயடியில் அவனை நிறுத்தி வைத்து இதைவிட நாலு மடங்கு கேட்டிருக்கிறாள். அது அங்கேயே முடிந்துவிடும். அவனும் திட்டுவான், இவளும் திட்டுவாள், மறுநாள் தண்ணீர் பிடிப்பார்கள். இது அப்படி இல்லையே. போட்டால் திரும்பப் பேசுகிறது. மறுபடி போட்டால் மறுபடி பேசுகிறது.”

அன்று இரவு பதிவேட்டைத் திறந்தேன். மோட்டார்க்காரரின் வீட்டு எண்ணிலிருந்து அந்த ஒரே செய்தியை ஒரே இரவில் பதினோரு முறை கேட்டிருக்கிறார்கள். கடைசி அழைப்பு நள்ளிரவுக்குப் பிறகு. யார் கேட்டார்கள் என்று பதிவேடு சொல்லாது. எனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. நான் ‘உயர்ந்த ஈடுபாடு’ என்று எழுதிய எண்ணிக்கைக்குள் அந்தப் பதினொன்றும் இருந்தன.

அவையறிதல்

நம்மிடம் அவையறிதல் என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. புலவர்களுக்கும் அமைச்சர்களுக்கும் உரிய திறன் என்று நான் பள்ளியில் படித்தேன். ஊரில் வாழும் ஒவ்வொருவரும் நாள் முழுக்கச் செய்யும் வேலை அது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யாருடைய உறவுக்காரர் இருக்கிறார், இங்கே சொன்னால் எங்கே போய்ச் சேரும், எப்போது போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒரு வாக்கியம் வெளியே வருகிறது. கேட்பவர் மாறினால் வாக்கியம் பாதியிலேயே திரும்பிக் கன்றுக்குட்டியில் முடிகிறது. நாங்கள் கட்டிய கருவி பேசும் வாயையும் கேட்கும் காதையும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்த கண்ணைப் பிடுங்கிவிட்டது. மூன்று விநாடி மௌனத்தில் மூச்சு விட்டவர்கள் எல்லோரும் பக்கம் பார்த்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றுமில்லை. பேசாமல் இருந்துவிட்டார்கள்.

முள்கம்பித் தொலைபேசியில் குரல் மங்கியது ஏன் எனக்கு வேடிக்கையாக மட்டும் தெரிந்தது என்று அப்போது நொந்துகொண்டேன். அந்த மங்கல்தான் அவர்களுக்குப் பக்கம்.

நகரத்திலும் இதே சிக்கல் இருக்கிறதே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாமும் யோசித்துத்தானே பேசுகிறோம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நகரத்து மனிதனுக்குப் பிடிக்காத குழுவிலிருந்து வெளியேற இடம் இருக்கிறது. அலுவலகத்தில் சண்டை போட்டவனை வீட்டு வாசலில் பார்க்க வேண்டியதில்லை. கிராமத்தில் அதே ஆளிடம்தான் கடன் வாங்க வேண்டும், அதே ஆள்தான் பாம்பு கடித்தால் வண்டி எடுக்க வேண்டும். போனும் ஒருவருடையது அல்ல, வீட்டினுடையது. தென்னாசியப் பெண்களின் கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனில் அவர்கள் எப்படித் தங்களுக்கென்று சிறு மறைவிடங்களை ஏற்படுத்திக்கொள்கிறார்கள் என்று விவரித்தது: செயலிக்குப் பூட்டு, குறிப்பிட்ட செய்திகளை மட்டும் அழித்துவிடுதல், சிலவற்றைப் போனில் செய்யாமலேயே இருந்துவிடுதல். இந்த மூன்றாவதை எந்தப் பதிவேடும் காட்டாது. எங்களுடையது தற்செயலாகக் காட்டியது, மூன்று விநாடிக் கோப்புகளாக.

இதைச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முன்னோடிகளுக்கு அநியாயம் செய்தவனாவேன். ஊருக்குச் சொல்வது வேறு, ஊருக்குள் பேசுவது வேறு. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வருவதைச் சிங்கப்பூரில் இருந்த ஒருவர் தொலைபேசியில் தன் ஊரான புதுச்சேரி நல்லவாட்டுக்குச் சொன்னார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். அங்கே பக்கம் பார்க்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் கேட்டது என்பது எல்லோருக்கும் தெரிவதே அந்தக் கருவியின் பலம். சிஜிநெட் ஸ்வராவிலும் புகார்கள்தான் அதிகம், ஆனால் அவை பெரும்பாலும் வெளியே பார்த்துப் பேசப்பட்டவை. சம்பளம் வரவில்லை, கைப்பம்பு ஓடவில்லை, இன்ன அதிகாரியின் எண் இது, கேட்பவர்கள் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று முடியும். செய்தியைக் கேட்டுச் சரிபார்த்து வெளியிட ஆட்களும் இருந்தார்கள். எங்கள் மோட்டார்க்காரர் அதிகாரி இல்லை, நான்காவது வீடு. அதே தொழில்நுட்பம், வேறு அவை. இந்த வித்தியாசம் எங்கள் வடிவமைப்பில் ஒரு வரியாகக்கூட இல்லை.

திருத்தியவை, திருந்தாதவை

முதலில் எங்களுக்குத் தோன்றியது பெயர் மறைப்பு. யார் பேசினார் என்று தெரியாவிட்டால் பயமில்லையே என்று நண்பர் ஒருவர் சொன்னார். குரலையும் மாற்றிவிடலாம் என்றார். அந்த அம்மாவிடம் கேட்டபோது ஒரேயடியாக மறுத்தார். ஊரில் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். குரலை மாற்றினால் யாருடைய குரல் என்று கண்டுபிடிப்பதே எல்லோருக்கும் வேலையாகிவிடும், பேசாதவர்கள் மேலும் பழி விழும். விளையாட்டுக்குச் சரிப்பட்ட ஒன்று எங்களுக்குச் சரிப்படவில்லை.

அடுத்தது எண்ணிக்கை. பீப் ஒலிக்கு முன்னால், இந்தக் குழுவில் இத்தனை எண்கள் இருக்கின்றன, கடைசிச் செய்தியை இத்தனை எண்கள் கேட்டன என்று சொல்ல வைத்தோம். எனக்கு அது அறிவார்ந்த தீர்வாகப் பட்டது. வாட்ஸ்அப்பில்கூட யார் படித்தார்கள் என்று பார்க்கலாமே. அம்மா ஒரு முறை கேட்டுவிட்டு, “எத்தனை போன் என்று சொல்கிறது. அந்தப் போனைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லவில்லையே” என்றார். ஒரு வாரத்தில் எடுத்துவிட்டோம். பெரிய நிறுவனங்களும் இந்த எண்ணிக்கையில்தான் விளையாடிக்கொண்டிருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவின் உச்சவரம்பு நூறு என்றிருந்தது. 2016இல் 256 ஆயிற்று, 2022இல் 512, அந்த ஆண்டிலேயே 1024. நடுவில், 2018இல், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியில் ஆட்களை அடித்தே கொன்ற பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் தள்ளிவிட முடியாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். போட வேண்டியதுதான். ஆனால் 1024 பேர் கொண்ட அவையை யார் அறிய முடியும்?

கொஞ்சம் பலித்தவை சின்னவை. குழுவில் புதிதாக ஒரு எண் சேரும்போது அந்த வீட்டார் தங்கள் குரலிலேயே, யார் வீடு, போன் யார் கையில் இருக்கும், யார் சொல்லிச் சேர்கிறோம் என்று பேசி நுழைய வேண்டும் என்று வைத்தோம். வாசலில் நிழல் தட்டுவது போல அது எல்லோருக்கும் கேட்கும். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஓர் எண் கொடுத்தோம். அதுவரை அழிக்கும் வசதியே இல்லை, தரவு போய்விடும் என்று நான்தான் தடுத்திருந்தேன். ஒரு வாரம் ஆன செய்தி தானாகக் கரைந்துவிடும் என்று வைத்தோம். அதற்கு ஆவணப்படுத்தலில் ஆர்வம் உள்ளவர்கள் வருத்தப்பட்டார்கள். குழாயடிச் சண்டையை ஆவணக் காப்பகத்தில் வைத்தால் ஊர் தண்ணீர் பிடிக்க முடியாது என்று பதில் எழுதினேன், கொஞ்சம் துடுக்காகவே.

பலித்தவற்றில் பெரியதை நாங்கள் செய்யவில்லை. பெண்கள் தாங்களே செய்தார்கள். சேமிப்புக் குழு கூடும்போது நடுவில் போனை வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, எல்லோரும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்வதென்றாலும் ஒருவர் பேச, மற்றவர்கள் திருத்த, சேர்ந்தே பதிவுசெய்தார்கள். “நாங்கள் பதினோரு பேர் பேசுகிறோம்” என்று தொடங்கி, இருப்பவர்கள் பெயரை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். அந்தப் பக்கம் யார் கேட்கிறார்கள் என்பது இப்போதும் தெரியாது. இந்தப் பக்கம் யார் சொல்கிறார்கள் என்பதாவது ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கிறது. பழி வந்தால் பதினொன்றாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். 1956இல் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி இருபது பேர் உட்கார்ந்ததை வசதிக் குறைவு என்று நினைத்தவன் நான். ஆளுக்கொரு காது என்று நான் வடிவமைத்த கருவியை அவர்கள் அந்தப் பழைய பெட்டியாக மாற்றிக்கொண்டார்கள்.

மோட்டார்க்காரரைப் பற்றிப் பேசிய பெண் அதன் பிறகு எங்கள் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கவே இல்லை. ஒரு நாள் அவர் அந்த வீட்டுக்குப் போய் மோட்டார்க்காரரிடம் அல்ல, அந்தச் சிறுமியிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார் என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. தண்ணீர் விவகாரம் தீர்ந்ததா என்றால், பாதி. அறிக்கையில் போட்ட பெட்டியை எடுக்கச் சொல்லி நிதி கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன். நல்ல கதை, இருக்கட்டும் என்று பதில் வந்தது.

அந்த ஊரிலிருந்து நான் கிளம்புவதற்கு முன்பு கடைசியாக மாற்றியது ஒரே ஓர் எண். பேச்சில்லாமல் மூன்று விநாடி கடந்தால் அழைப்பைத் துண்டித்துவிடு என்று நிரலில் எழுதியிருந்தேன்; சர்வர் செலவு மிச்சமாகும் என்று அன்று நினைத்தேன். அதைப் பதினைந்தாக்கினேன். அடுத்த வாரப் பதிவு ஒன்றை வைத்திருக்கிறேன். பீப் ஒலிக்கிறது. மூச்சு. கோழி. யாரோ கதவைச் சாத்தும் சத்தம், ஒரு வளையல் ஒலி, “அவள் போய்விட்டாளா?” என்று தொலைவில் ஒரு குரல். எட்டாவது விநாடியில் அந்த அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்குகிறார்.